128 பைட்டைத் திட்டாதீங்க சாமி!

போன ஞாயிறு இங்கே புனேயில் ஒரு தமிழ் நண்பர் வீட்டில் சாப்பாடு. அவர் பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். "அடாரி 2600-ல மொத்த ராமே 128 பைட்தான் அங்கிள். அந்த டப்பாவாலதான் 1983-ல அமெரிக்காவுல வீடியோ கேம் பிசினஸே படுத்துச்சு"ன்னான். சுத்தி இருந்த அப்பாக்கள் எல்லாம் தலையாட்டினாங்க. எனக்குச் சாம்பார் இறங்கலை.

நான் பி.காம். ஒரு சர்க்யூட் போர்டைப் பிரிச்சா திருப்பி மாட்டத் தெரியாது. ஆனா எந்தச் செலவை யார் தலையில் எழுதணும்னு இருபது வருஷமா பேங்கில் பார்த்துட்டு இருக்கேன்.

128 பைட் உண்மைதான். யுனிகோட் தமிழில் இந்தப் பத்திகூட அதில் அடங்காது. ஆனா அது வந்தது 1977-ல். அப்போ மெமரி யானை விலை, குதிரை விலை. டிவி திரையில் தெரியற படத்தை வெறும் கறுப்பு வெள்ளையில் சேமிக்கவே கிட்டத்தட்ட 4 கிலோபைட் வேணும். அதனால படத்தைச் சேமிக்கிற வேலையே வேண்டாம்னு விட்டுட்டாங்க! டிஐஏ-ங்கிற சிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரியும். டிவியின் ஒளிக்கற்றை அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள, அதில் என்ன வரணும்னு ப்ரோக்ராம் சொல்லியாகணும். 6507 ப்ராசஸருக்கு ஒரு வரிக்குக் கிடைக்கிறது 76 சைக்கிள். அடுத்த ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் டிக்கெட் போட்டாகணும்னு ஓடற கண்டக்டர் நிலைமைதான்.

ரெண்டு ஆட்டக்காரர், ரெண்டு குண்டு, ஒரு பந்து. இவ்வளவுக்காகச் செஞ்ச பெட்டி. அதே பெட்டியில் 1982-ல் டேவிட் கிரேன் 'பிட்ஃபால்' எழுதினார். 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் 255 காட்சிகள். எதையும் சேமிக்கலை. ஒவ்வொரு காட்சியையும் முந்தினதிலிருந்து கணக்குப் போட்டே வரவழைச்சார்.

அதே வருஷம் அடாரியே விட்ட 'பேக்-மேன்' பேய்கள் கண்ணு கூசற மாதிரி மினுக்கின. அதுவும் 4 கிலோபைட்தான். அடுத்து வந்த 'மிஸ் பேக்-மேன்' 8 கிலோபைட். பெட்டி அதேதான், ஆட்டம் எவ்வளவோ தேவலை. கார்ட்ரிட்ஜில் காசு மிச்சம் பிடிச்சதுக்குப் பெட்டி என்னய்யா செய்யும்?

'இ.டி.' கதை இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்கணும்னு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்கு அவங்க கொடுத்தது சுமார் 5 வாரம். (மார்ச் மாச டார்கெட் பார்த்தவங்களுக்கு இந்த வியாதி புரியும்.) கிரேனும் சில கூட்டாளிகளும் ஏற்கெனவே 1979-ல் வெளியே போய் ஆக்டிவிஷன் ஆரம்பிச்சாச்சு. ஏன்? எழுதினவன் பேரைப் போடவும் மாட்டாங்க, விற்பனையில் பங்கும் தர மாட்டாங்க. கடைசியில் விக்காத சரக்கைக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ, அலமகோர்டோவில் குழி தோண்டிப் புதைச்சாங்க. 2014-ல் தோண்டி எடுத்துக் காட்டினாங்களே, அதேதான். தேவைக்கு மேல சரக்கு அடிச்சவன் தப்பை 128 பைட் கணக்கில் எழுதினா எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவான்?

தொழிலையே கொன்னதா சொல்ற அந்தப் பெட்டியின் உற்பத்தி நின்னது 1992-ல்தான். இதையும் சொன்னேன். பையன் அசரலை. "ஸ்டெல்லா எமுலேட்டர் இலவசமாத்தான் கிடைக்குது தம்பி. அந்த 76 சைக்கிளுக்குள்ள திரையில் ஒரு பந்தை மட்டும் நகர்த்திக் காட்டிட்டு எனக்குப் போன் பண்ணு"ன்னுட்டு வந்தேன்.

இன்னும் போன் வரலை :-)