பூச்சி மருந்துப் பட்டியலில் இல்லாதவர்கள்

1916இல் றொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நூறாண்டு கழித்து, 2017இன் தேசிய ஆய்வில், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மண்வழிப் புழுத்தொற்று 0.97 வீதமே இருந்தது. பெருந்தோட்டப் பாடசாலைகளில் 9.02 வீதம். ஊவாவில் பணியாற்றும் நமக்கு இரண்டாவது எண்தான் பேச வேண்டியது. ஆனால் இரண்டுமே பிள்ளைகளின் கணக்கு.

தொழிலால் ஆபத்துக்கு உள்ளாகும் பெரியவர்களுக்கு உதாரணமாக உலக சுகாதார நிறுவனம் கொழுந்து பறிப்போரையும் சுரங்கத் தொழிலாளரையும் சொல்கிறது. மொனராகலையிலும் பதுளையிலும் குப்பை அள்ளுவோரை எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. இது அநீதி.

வட்டப்புழு முட்டை மலத்தோடு வெளியேறியதும் தொற்றாது. ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் முதிர வேண்டும். ஆகவே வாசலில் பையைத் தூக்குபவரைவிட, நாட்பட்ட குவியலைக் கிளறித் தரம்பிரிப்பவருக்கே ஆபத்து அதிகம். பாவித்த பம்பர்ஸ் சமையலறைக் கழிவோடு கலந்து வரும்வரை பசளைக் கிடங்கும் பாதுகாப்பானதல்ல. குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியஸில் மூன்று நாளாவது நிலைத்து, வெளிப்புறமும் புரட்டி உள்ளே போடப்பட்டால்தான் முட்டைகள் சாகும். கொழுக்கிப்புழுவின் குடம்பியோ தோலைத் துளைத்தே நுழைகிறது. செருப்புக் காலோடு குப்பைமேட்டில் நிற்பவரிடம் கைகழுவுவதைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. நாய்களையும் மறக்கக் கூடாது. 1911இல் லூஸ் விவரித்த, இலங்கையின் பெயரையே தாங்கிய அன்கைலொஸ்டோமா சிலானிக்கம் நாயிலும் வாழும், மனிதரிலும் வாழும். தொழிலாளருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது திரும்பி வரும்.

அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒருவேளை மருந்து மலிவானது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் தவிர்க்க வேண்டும். ஸ்ட்ரொங்கிலொய்டிஸுக்கு அது போதாது. கேட்டோ-காட்ஸ் மலப் பரிசோதனையிலும் அந்தப் புழு தென்படாது. ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது கட்டுமீறிப் பெருகலாம். ஆகவே ஸ்டீரொய்ட் எழுதுமுன் நோயாளியிடம் என்ன வேலை என்று கேளுங்கள்: அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம். கொழுக்கிப்புழு முட்டையோ கேட்டோ-காட்ஸ் கண்ணாடி வில்லையில் ஒரு மணிநேரத்துக்குள் மறைந்துவிடும். தயாரித்த வில்லையைத் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பி "இல்லை" என்று எழுதுவது பரிசோதனையாகாது.

சுகாதார வைத்திய அதிகாரிகளே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, உங்கள் பிரதேச சபையின் துப்புரவுத் தொழிலாளரை, அமய ஊழியரையும் சேர்த்து, இந்த ஆண்டே பரிசோதியுங்கள். முடிவுகளை எங்களுக்கு அனுப்புங்கள். பூச்சியம் என்றாலும் வெளியிடுவோம்.