வீடு கேட்டு வருகிறவரிடம் சாதி கேட்காதீர்கள்

பொழிச்சலூர் உறவுகளுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள்: "அங்க கலர் பார்த்து ஒதுக்குறாங்களாமே, உனக்கு ஏதும் தொல்லை இல்லையேப்பா?" அந்த அக்கறைக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

சிகாகோவில் நான் வாடகை வீடு தேடியபோது சம்பளச் சீட்டு கேட்டார்கள், பழைய கடன் விவரம் கேட்டார்கள். நிறத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ காரணம் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் வழக்குப் போடலாம். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1930களில் இந்நாட்டு அரசின் வீட்டுக்கடன் நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று தரம் பிரித்தது. கடன் கிடைக்காததால் அவர்களால் வீடு வாங்க முடியவில்லை. வீடு இல்லாததால் பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்தும் இல்லை. வெள்ளையர் குடும்பங்களுக்கோ அதே காலத்தில் வீட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பேரப்பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வரைக்கும் அந்த வித்தியாசம் நீள்கிறது.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊரின் லான்டேல் பகுதியில் பாழடைந்த அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியேறினார். வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனார். ஆகஸ்ட் 5 அன்று மார்க்வெட் பார்க்கில் (Marquette Park) எதிர்ப்புக் கூட்டம் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. 1968 ஏப்ரல் 4 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம், மதம், பிறந்த நாடு பார்க்கக் கூடாது என்ற சட்டம் கையெழுத்தானது. நம்மைப் போன்றவர்கள் இங்கே கௌரவமாகக் குடியிருப்பது அவரும் அவரோடு ஊர்வலம் போனவர்களும் சிந்திய ரத்தத்தால்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்னை விமான நிலையத்திலும் பல்லாவரம், பம்மல் பக்கமும் வேலைக்கு வருகிறவர்கள் நம் தெருக்களில் வீடு கேட்கிறார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோம். நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சொந்த ஊர், குலதெய்வம், கறி சமைப்பீர்களா என்று சுற்றி வளைப்பார்கள். பதில் பிடிக்காவிட்டால், "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்." டு-லெட் பலகை மட்டும் கேட்டில் அப்படியே தொங்கும். முஸ்லிம் என்றால் பெயர் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். டெல்லி வட்டாரத்தில் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். அங்கேயும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் இதே மறுப்புதான்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பீர்கள். சிகாகோ வெள்ளையர்களும் அன்று இதையேதான் சொன்னார்கள். நம் நாட்டில் சட்டமும் கைகொடுக்கவில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்றிருந்த வீட்டுவசதிச் சங்க விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் அப்பாக்கள் வியர்வை சிந்தி மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனை பார்க்கப் போன இடத்தில் அவர்களிடம் யாரும் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. அதே வியர்வை சிந்திய இன்னொருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் பிள்ளை இன்று நம் வாசலில் வாடகைக்கு நிற்கிறார், நாமும் திருப்பி அனுப்புகிறோம். இதைச் சலுகை என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. அமெரிக்க வெள்ளையரைப் பற்றிச் சொன்னால் மட்டும் உடனே விளங்குகிறது.

கடல் தாண்டியும் சாதி கூடவே வந்துவிட்டது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றமும் அதே ஆண்டு அதற்கான ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதை நிராகரித்துவிட்டார்.

அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த முறை டு-லெட் மாட்டும்போது வாடகையைப் பேசுங்கள், அட்வான்ஸைப் பேசுங்கள், என்ன வேலை என்று கேளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புரோக்கரிடமும், "யாரா இருந்தாலும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவையுங்கள்.