பொறிக்கும் சினம் உண்டோ?

உயிரற்ற பொருளுக்கு உயிர் கொடுத்துப் பேசுவதில் நாம் வல்லவர்கள். நகராத வண்டியைச் சண்டி மாடு என்போம்; எரியாத அடுப்பைத் திட்டித் தீர்ப்போம். இந்நாளில் அந்த வசவெல்லாம் கணினியின் தலையில் விழுகிறது. “இன்று அதற்கு மூடு இல்லை”, “என்னைக் கண்டால்தான் முரண்டு பிடிக்கிறது”, “தேர்வு வருவது அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது” என்பன தில்லி விடுதிகளில் நாள்தோறும் காதில் விழும் பேச்சுகள். வேடிக்கைக்குச் சொன்னால் குற்றமில்லை. ஆனால் பேச்சு மெல்ல நம்பிக்கையாகிவிடுகிறது. நம்பிக்கை வந்தபின் ஆராய்ச்சி ஓடிவிடுகிறது. தட்டிப் பார்க்கிறோம், அணைத்து மீண்டும் ஏற்றுகிறோம், முடிவில் கடைக்காரர் கேட்ட தொகையை வாய் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். அறிவியலும் பொருளியலும் கற்க வந்த நமக்கு இது அழகா?

பொறிக்குச் சினம் கிடையாது. விட்டு விட்டு வரும் பழுதுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணமும் விட்டு விட்டு வருகிறது, அவ்வளவே. வெப்பம், தூசி, தளர்ந்த இணைப்பு, ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஆகிய நான்கில் ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் அகப்படும். மே மாதத்தில் 45 பாகை செல்சியஸை எட்டும் வெயிலும், மேற்கிலிருந்து வீசும் புழுதிக் காற்றும் உள்ள தில்லியில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

கணினியின் முன்னோர்கள் நம்மைவிடப் பெருந்துன்பம் பட்டவர்கள். 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் அமெரிக்கப் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை அடிக்கடி செத்தன. பொறியாளர்கள் நொந்துகொண்டிருக்கவில்லை, எப்போது சாகின்றன என்று கவனித்தார்கள். சூடேறும்போதும் சூடு ஆறும்போதும் மிகுதி என்று கண்டார்கள். பொறியை அணைக்காமலே வைத்துப் பழுதைக் குறைத்தார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் உருவான மார்க் 2 பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைத் தூக்கி எறியாமல் பதிவேட்டில் ஒட்டி, எந்தப் பலகத்தில் எத்தனையாவது ரிலே என்றும் எழுதி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மிடம் ஆற்றலுள்ள பொறிகள் உண்டு. அப்படியொரு ஏடு மட்டும் இல்லை.

என் பக்கத்து அறை ஆய்வு மாணவரின் மடிக்கணினி பிற்பகலில் திடீர் திடீரென்று நின்றது. தாய்ப்பலகை போய்விட்டது, 16,000 ரூபாய் ஆகும் என்றது ஒரு கடை. ஒரு வாரம் நாங்கள் குறிப்பு எழுதினோம்: நின்ற நேரம், அப்போது நடந்த வேலை, மின்னிணைப்பு இருந்ததா, அடிப்பகுதி சுட்டதா. பிறகு நினைவகச் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டோம். ராம் பட்டைகள் இரண்டில் ஒன்று பிழை காட்டியது. அதை மட்டும் மாற்றினோம். செலவு அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இதில் மேதைமை எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது என்னும் இரண்டே விதிகள்தாம்.

இன்னொன்று: மேசைக் கணினியை ஏற்றும்போதெல்லாம் நாள் பின்னோக்கி ஓடுகிறதா? இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று கதவடைக்கின்றனவா? வைரஸ் என்று பதற வேண்டாம். தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு 3 வோல்ட் மின்கலம் உண்டு, அது தீர்ந்திருக்கலாம். கடிகாரம் தவறினால் தளங்களின் சான்றிதழ்கள் காலம் கடந்தவையாகவோ காலம் வராதவையாகவோ தோன்றும். மிகச் சிறிய செலவில் தீரும் நோய் இது.

“படிக்க வந்தோமா, பழுது பார்க்க வந்தோமா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. எல்லோரும் திருகாணி முடுக்கியைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பிய மின்கலத்தையும் மின்வழங்கிப் பெட்டியின் உட்புறத்தையும் பழகாதவர் தொடவே கூடாது. வன்தட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்தால் ஆராய்ச்சியை விடுத்து, முடிந்த மட்டும் கோப்புகளை வேறிடத்தில் சேர்க்க வேண்டும். நேரு பிளேசில் கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமை நமக்கு வராது. ஆனால் அவர்களிடம் போய் நாம் சொல்வது என்ன? அரைகுறை இந்தியில் “ஓடவில்லை” என்கிறோம். “ஏற்றிய இருபது நிமிடத்தில், சூடேறிய பின் நிற்கிறது” என்று குறிப்பேட்டைக் காட்டினால் தொழிலாளிக்கும் வேலை எளிது. நம்மை ஏமாற்ற நினைப்பவருக்கும் கை நடுங்கும்.

வசதியுள்ளவர் புதியது வாங்கிக்கொள்ளலாம். தந்தை கடன் வாங்கி அனுப்பிய கணினியோடு தில்லிக்கு வந்தவர் என்ன செய்வார்? நாம் எறியும் பழைய பொறிகளும் மாயமாய் மறைவதில்லை. வடகிழக்குத் தில்லியின் சீலம்பூர்ச் சந்துகளில் ஏழை மக்கள் அவற்றை உடைத்துப் பிரித்து உலோகம் எடுக்கிறார்கள். அந்த நஞ்சு அவர்கள் நெஞ்சில் தங்குகிறது. பழுதுபார்க்கும் உரிமையை ஆராய நடுவண் அரசு 2022இல் ஒரு குழு அமைத்தது. உரிமையைச் சட்டம் தரட்டும். பழக்கத்தை நாம்தான் வளர்க்க வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க அறையில் திருகாணி முடுக்கிகள் ஒரு தொகுதி, சோதனை நிரல் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று, படியெடுக்க வெளிவன்தட்டு ஒன்று, தமிழில் எழுதப்படும் பழுதுக் குறிப்பேடு ஒன்று, இவை நான்கும் வேண்டும். மூத்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போகும்போது அவர்கள் கைப்பழக்கமும் உடன் போய்விடுகிறது. ஏடு இருந்தால், அடுத்த ஆண்டு ரயிலிலிருந்து இறங்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அது உதவும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மறுப்பவர்கள் வந்து மறுக்கலாம். ஆதரிப்பவர்கள் முரண்டு பிடிக்கும் தங்கள் கணினிகளோடு வரலாம்.