போலீஸ் வயர்லெஸ் பேச்சை வீட்டில் கேட்கலாமா?

மழைக்காலம் வந்தால் சென்னை மக்களுக்கு ஒரே கவலை. எந்தத் தெருவில் தண்ணீர்? எந்தப் பாலம் மூடப்பட்டது?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பல இடங்களில் மின்சாரம் இல்லை. டெலிபோனும் பேசவில்லை. உற்றார் உறவினர் கதி தெரியாமல் பலர் தவித்தார்கள்.

"போலீசார் வயர்லெசில் பேசுவது நமக்கும் கேட்டால் நல்லதுதானே!" என்று அப்போது ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை.

அப்படிக் கேட்க ஒரு கருவி உண்டு. அதற்கு ஸ்கேனர் என்று பெயர். கைக்குள் அடங்கும். அமெரிக்காவில் கடைகளில் விற்கிறார்கள். விலை பல நூறு டாலர். ராயப்பேட்டைக்காரர் அதை வாங்கலாமா?

வேண்டாம். காரணம் மூன்று.

பூட்டிய பேச்சு

பழைய வயர்லெசில் பேசியதை, அதே அலைவரிசையைப் பிடித்தால் யாரும் கேட்கலாம். புதிய டிஜிட்டல் வயர்லெஸ் குரலை எண்களாக மாற்றி அனுப்புகிறது. அந்த எண்களுக்குப் பூட்டும் போடலாம். சாவி இல்லாதவருக்கு ஒன்றும் விளங்காது. நியூயார்க் போலீசாரே 2023-ல் அப்படிப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். பணம் கொடுத்து வாங்கிய கருவி சும்மா கிடக்கும்.

ஜெயில், அபராதம்

நம் நாட்டில் பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்பது குற்றம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அடுத்தவர் துயரம்

மூன்றாவது காரணமே பெரியது. விபத்தில் அடிபட்ட ஒருவரை ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரும் வீட்டு விலாசமும் வயர்லெசில் போகலாம். பெற்ற தாய்க்குத் தெரியுமுன் தெருவுக்குத் தெரியலாமா? தீப்பிடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடினால் தீயணைக்கும் வண்டி எப்படி நுழையும்?

வேறு வழி என்ன?

பாட்டரியில் பாடும் சிறிய ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆபத்துக்கு 112, மாநகராட்சிக்கு 1913 என்ற எண்களைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வயர்லெசில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகள் 12 வயது ஆனதும் மத்திய அரசின் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதலாம். தேறி, லைசென்சு பெற்றால் தாங்களே பேசலாம். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து தகவல் அனுப்பி உதவியவர்கள் இத்தகைய லைசென்சுக்காரர்களே.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ள நாளில் எந்தத் தெருவில் என்ன நிலைமை என்பதை மணிக்கு ஒரு முறை ரேடியோவில் சொல்லுங்கள். செய்தி வராத வீட்டுக்குள் வதந்திதான் முதலில் நுழையும். உண்மை நேரத்தில் வந்துவிட்டால், ஒட்டுக்கேட்க யாருக்கும் ஆசை வராது.