கட்டங்களுக்குள் ஒரு காடு

ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை மெட்ரோ ரயிலில் 28 கி.மீ. ஒரு காட்டை உருவாக்கி முடிக்க இந்தத் தூரம் போதும். அறுகோணத் துண்டு ஒன்றைப் புல்வெளியின் பக்கத்தில் வைத்து, அதன் மேல் ஒரு நரியை உட்காரவைத்து, ஓடையில் சால்மன் மீன்களை வரிசையாக விட்டால் ஆட்டம் முடிந்தது. புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். ரத்தம் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. தோற்றவருக்குக்கூடப் பெரிய வருத்தம் இல்லை.

செல்போன் ஆட்டம் என்றால் துப்பாக்கி சுடுவதும் மிட்டாய் உடைப்பதும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். காடு, பறவை, ஆறு, மரம் என்று இயற்கையை மையமாகக் கொண்ட பலகை ஆட்டங்களும் புதிர்களும் கடந்த சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியிருக்கின்றன. முதலில் அட்டைப் பெட்டியில் வந்தவை பல, பிறகு கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் மாறின. சில எதிர்த்திசையில் பயணம் செய்தன.

மேலே சொன்ன நரியும் சால்மனும் ‘கஸ்கேடியா’ ஆட்டத்தில் வருபவை. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளை வைத்து ராண்டி ஃப்ளின் உருவாக்கிய இந்த ஆட்டம் 2021இல் வந்தது. மறு ஆண்டே ஜெர்மனியின் புகழ்பெற்ற ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதைப் பெற்றது. 2023இல் அதே விருது ‘டார்ஃப்ரொமான்டிக்’ ஆட்டத்துக்குப் போனது. பெர்லினில் நான்கு மாணவர்கள் சேர்ந்து கம்ப்யூட்டருக்காக எழுதிய புதிர் அது. காடு, வயல், கிராமம், ஆறு என்று துண்டுகளை ஓரம் பொருந்த அடுக்கிக்கொண்டே போக வேண்டும். திரையில் பிறந்து, பிறகு அட்டைக்கு வந்து பரிசு வாங்கியது. இவற்றுக்கு முன்னோடி 2019இல் வந்த ‘விங்ஸ்பான்’. 170 பறவைகள், 170 சீட்டுகள். காடு, புல்வெளி, நீர்நிலை என்ற மூன்று வாழிடங்களில் பறவைகளைக் குடியேற்றி, இரை தேடி, முட்டையிட வைப்பதுதான் ஆட்டம். 2020இல் வந்த டிஜிட்டல் வடிவத்தில் சீட்டை வைத்ததும் அந்தப் பறவை குரல் கொடுக்கிறது.

ஆடுபவர்கள் என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலோர் சொல்லும் முதல் வார்த்தை ‘அமைதி’. வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஆடினால் மனசு லேசாகிறது என்கிறார்கள். மெல்லிய இசையும் நீர்வண்ணப் படங்களும் இதற்குக் காரணம் என்று தோன்றும். உண்மையான காரணம் ஆட்ட விதிகளில் இருக்கிறது. கஸ்கேடியாவில் ஒருவர் அமைத்த காட்டை இன்னொருவர் தொட முடியாது. விங்ஸ்பானில் ஒருவர் குடியேற்றிய பறவையை எதிராளி விரட்ட முடியாது. அவரவர் நிலம் அவரவருக்கு. நன்றாக அமைத்தவருக்குப் புள்ளி அதிகம், அவ்வளவுதான். கட்டியதை யாரும் இடிக்க மாட்டார்கள் என்ற நிச்சயம் இருக்கும் இடத்தில் மனிதனுக்குத் தானாகவே நிம்மதி வந்துவிடுகிறது.

தமிழர்களின் பழைய ஆட்டங்கள் இந்தச் சலுகையைத் தந்ததில்லை. ஆடுபுலி ஆட்டத்திலும் காட்டு விலங்கு உண்டு. ஆனால் மூன்று புலிகளும் ஆடுகளைத் தாண்டிக் குதித்து வெட்டும், ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் மடக்கும். பரமபதத்தில் பாம்பு வாயில் சிக்கினால் நேராகக் கீழேதான். பல்லாங்குழி பார்ப்பதற்குச் சாது. சோழிகளும் புளியங்கொட்டைகளும் ஓசையில்லாமல் குழி மாறும். இருந்தாலும் ஒருத்தி அள்ளுவது மற்றவளின் இழப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதும் அந்த ஆட்டங்களின் சுவையில் ஒரு பகுதி.

புதிய ஆட்டங்கள்மீது வரும் முதல் குறையும் இதுதான். நான்கு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சொலிட்டேர் ஆடுவதுபோல் இருக்கிறது என்பது விங்ஸ்பான் ஆடியவர்களில் பலர் அலுத்துக்கொள்ளும் விஷயம். எதிராளி என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. சரியான சீட்டு வராவிட்டால் எத்தனை கெட்டிக்காரத்தனமும் பலிக்காது என்பது இன்னொரு குறை. செல்போன் திரையில் சீட்டுகளின் எழுத்து கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை என்பது நாற்பதைக் கடந்தவர்களின் புகார். இலவசமாகக் கிடைக்கும் சில்லறைப் புதிர்களின் கதை வேறு. அருவி ஓசையில் மனம் லயிக்கும் நேரத்தில் கடன் வாங்கச் சொல்லி ஒரு விளம்பரம் குறுக்கே பாய்கிறது. அமைதி வேண்டுமானால் காசு கட்டு என்பதுதான் அங்கே விதி.

இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு. இந்தக் காடுகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கின்றன.

ஆலுவாவில் நின்று பார்த்தால் இது விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து 244 கி.மீ. ஓடி வரும் பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. கொச்சி நகரம் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் இறைக்கப்படுகிறது. மணப்புறத்து மணலில்தான் ஆண்டுதோறும் சிவராத்திரிக்குக் கூட்டம் கூடுகிறது. பிரியும் கிளைகளில் ஒன்று கொஞ்ச தூரத்திலேயே ஏலூர், எடயார் தொழிற்பேட்டைகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1940களில் உரத் தொழிற்சாலையோடு தொடங்கிய தொழில் வட்டாரம் அது. ஆறு நிறம் மாறுவதும் மீன் செத்து மிதப்பதும் அங்கே பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் செய்தி. 2024 மே மாதம் ஒரே இரவில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. வராப்புழை வரை கூண்டு வைத்து மீன் வளர்த்தவர்களின் முதலீடு விடிவதற்குள் அழுகிப்போனது. ஆலைக் கழிவா, தடுப்பணையின் ஷட்டர்களைத் திறந்ததால் ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவா என்பதில் அரசுத் துறைகளுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை.

ஆட்டத்தில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. கஸ்கேடியாவின் ஓடையில் சால்மனை வைத்தால் அது அங்கேயே இருக்கும். டார்ஃப்ரொமான்டிக்கின் ஆறு வயலையும் கிராமத்தையும் கடந்து ஓடும், கரையை உடைக்காது. 2018 ஆகஸ்டில் பெரியாறு ஆலுவாவின் தெருக்களுக்குள் நுழைந்ததைக் கண்டவர்களுக்கு அந்த ஆறு ஒரு பொம்மைபோல் தோன்றினால் வியப்பில்லை.

விதிவிலக்காக ஒரு ஆட்டம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தயாராகி 2023இல் வந்த ‘டெர்ரா நில்’. நகரம் கட்டும் ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியது என்று சொல்லலாம். தொடக்கத்தில் திரையில் இருப்பது நஞ்சேறிய பாழ்நிலம். மண்ணைச் சுத்தம் செய்து, வறண்ட ஆற்றில் நீர் விட்டு, புல்லும் மரமும் வளர்த்து, விலங்குகளை வரவழைக்க வேண்டும். கடைசி வேலை இன்னும் சுவாரஸ்யம். தான் நிறுவிய இயந்திரங்கள் அத்தனையையும் பிரித்தெடுத்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் கிளம்ப வேண்டும். ஆடியவர்கள் மனம் நெகிழ்ந்து பாராட்டினார்கள். கூடவே, சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்றும் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஏலூரில் இருப்பவர்கள் இந்தக் குறையைக் கேட்டால் சிரிப்பார்கள். நஞ்சேறிய ஆறு ஒன்று ஒரு மாலைப்பொழுதில் தெளிந்துவிடுவதை ஒரு குறையாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

அப்படியானால் இந்த ஆட்டங்கள் வெறும் மயக்க மருந்துதானா? ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தைப் பார்க்காமல் திரைக்குள் மரம் நடுவது ஒரு தப்பித்தல்தானே? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் விங்ஸ்பான் பிறந்த கதை வேறு திசையைக் காட்டுகிறது.

அதை உருவாக்கிய எலிசபெத் ஹார்க்ரேவ் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்தவர். சுகாதாரக் கொள்கை ஆலோசகராக வேலை பார்த்தவர். கடைகளில் இருந்த ஆட்டங்களெல்லாம் கோட்டைகளையும் விண்வெளியையும் சுற்றியே இருந்தன. தனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயத்தில் ஒரு ஆட்டம் வேண்டும் என்று நினைத்தார். பறவை பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பறவையின் இறக்கை அகலம், கூட்டின் வகை, உணவு, வாழிடம் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு, அந்தத் தகவல்களிலிருந்தே விதிகளை அமைத்தார். அதனால்தான் அந்த ஆட்டத்தில் பருந்து பருந்தாகவே நடந்துகொள்கிறது. சிறிய பறவை வந்தால் பிடிக்கும், பெரியது வந்தால் விட்டுவிடும். ஆடி முடித்த பலர் பைனாகுலர் வாங்கினோம், வீட்டுக் கொல்லையில் வரும் பறவையின் பெயரைத் தேட ஆரம்பித்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஹார்க்ரேவ் தகவல் திரட்டிய இடங்களில் ஒன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம். உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் ‘இ-பேர்ட்’ ஏடு அதே ஆய்வகத்தின் முயற்சி. கேரளத்தின் பறவைகளும் அந்த ஏட்டில் வந்து சேர்கின்றன. சேர்ந்த விதமும் ஏறக்குறைய ஒரு பலகை ஆட்டம்தான்.

2015 முதல் 2020 வரை கேரள மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் சுமார் 4,000 சிறு சதுரங்களைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட பருவத்தில் ஒருமுறையும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். எந்தச் சதுரத்துக்குப் போவது என்பது போகிறவரின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. ரப்பர் தோட்டம் விழுந்தாலும் சதுப்பு விழுந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும். சம்பளம் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சொந்த நேரத்தைச் செலவழித்துப் போனார்கள். சேர்ந்த பட்டியல்கள் சுமார் 25,000, பதிவுகள் ஏறத்தாழ மூன்று லட்சம், பறவை இனங்கள் 361. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் தயாரான முதல் பறவை வரைபட ஏடு இது.

இந்தப் பலகையில் யாரும் நினைத்த இடத்தில் பறவையை வைக்க முடியாது. சதுரம் காலியாக இருந்தால் காலி என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதியதால்தான் சில உண்மைகள் தெரிந்தன. மழைக்காலத்தைவிட வறண்ட பருவத்தில் பறவை இனங்கள் அதிகம். இந்த மண்ணுக்கே உரிய பறவைகள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. அழியும் ஆபத்தில் உள்ளவையோ பெரும்பாலும் கடலோரத்தில் இருக்கின்றன. வீடும் தொழிற்சாலையும் நெருக்கும் அந்தக் கடலோரம்தான் கொச்சியும் அதன் சுற்றுப்புறமும். காடு என்றால் மலைதான், பாதுகாப்பு என்றால் புலிதான் என்று இருந்தவர்களுக்கு இது ஒரு பாடம்.

ஆலுவாவிலிருந்து ஆற்றின் வழியே மேலே போனால் கோதமங்கலத்துக்கு அப்பால் தட்டேக்காடு வருகிறது. 1930களில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய வந்த சாலிம் அலி இந்த இடத்தின் வளத்தைக் கண்டு வியந்தார். 1983இல் 25 சதுர கி.மீ. பரப்பில் அது சரணாலயமானபோது அவர் பெயரையே வைத்தார்கள். தவளைவாயன் என்ற பறவை அங்கே பகல் முழுவதும் காய்ந்த சருகுபோல் கிளையில் உட்கார்ந்திருக்கும். வழிகாட்டி விரலை நீட்டிக் காட்டினாலும் புதிதாக வருபவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. திரையில்போல் விரலை வைத்தால் அது குரல் கொடுக்காது. காத்திருக்க வேண்டும்.

ஆட்டங்களின் அமைதிக்கும் அந்தக் காத்திருப்பின் அமைதிக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது எதுவும் கெட்டுப்போகாது என்ற நிச்சயத்தில் கிடைப்பது. பின்னதில் அந்த நிச்சயம் இல்லை. அடுத்த ஆண்டு அந்தக் கிளை இருக்குமா, கீழே ஆறு ஓடுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ரயிலில் வரும் அரைமணி நேர நிம்மதியைப் பழிக்க வேண்டியதில்லை. உழைத்துக் களைத்தவருக்கு அது தேவைதான். ஆனால் சீட்டில் பார்த்த மீன்கொத்தியைப் பெரியாற்றின் கரையில் தேடிப் போகும்போதுதான் அந்த ஆட்டத்துக்கு ஒரு அர்த்தம் கிடைக்கிறது.

ஒருமுறை எடுத்த கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அதே 4,000 சதுரங்களுக்கு என்றாவது மறுபடியும் ஆட்கள் போகும்போது 361 என்ற எண் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பது தெரியும். கேரளம் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு அதுதான்.