திருகோணமலையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 510 கிலோமீற்றர். பலாலிக்கு வந்துபோற மாதிரி ஒரு சிறிய விமானத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் காணும். ஓடுபாதையும் எங்களிட்ட இருக்கு. சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரர் வைத்திருந்த விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கடல் கடந்து வந்து குண்டுபோட்டுத் தாக்கின. உலகத்துக்கு அவ்வளவு கிட்டவாக இருந்த ஊர் இது.

ஆனால் இண்டைக்கு நாங்கள் சென்னைக்குப் போறதெண்டால், முதலில் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்படவேணும். கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் எண்டு கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர் தென்மேற்கே போய் கட்டுநாயக்கவைப் பிடிக்கவேணும். பிறகு அங்கிருந்து 650 கிலோமீற்றர் வடக்கே பறக்கவேணும். 510 கிலோமீற்றருக்குப் பதிலாக 900. விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். விமானத்தடிக்குப் போகத்தான் பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபிறகு வடக்குப் பக்கமாகவும் ஒரு வழி இருக்கு. அதுக்கும் வவுனியா சுற்றி யாழ்ப்பாணம் போக 235 கிலோமீற்றர் வரும்.

அப்ப சீனக்குடாவையும் சர்வதேச விமான நிலையமாக்கினால் எல்லாம் சரியா? வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்ல. ஆனால் யாருடைய நேரம் மிச்சமாகும் எண்டும் கேட்கவேணும். கொழும்புப் பக்கமிருந்து சீனக்குடாவுக்குச் சிறிய விமானத்தில் வந்தால் ஒரு மணித்தியாலமளவில் இறங்கலாம். நிலாவெளி ஹோட்டல்களுக்கு வாறவைக்கு அது வசதி. விடுமுறைக்கு வீட்டுக்கு வாற கம்பஸ் பிள்ளைக்கு இரவு ரயிலில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல். ஒரே ஊருக்கு இரண்டு தூரம். எந்தத் தூரம் உங்களுக்கு எண்டதைக் கையிலிருக்கிற காசு தீர்மானிக்குது.

மட்டக்களப்பைப் பாருங்கோ. எங்கட அதே கடற்கரையில் 130 கிலோமீற்றர் தெற்கே இருக்கு. ரயிலில் போறதெண்டால் உள்நாட்டுக்குள்ள கல்ஓயா சந்தி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிக் கிழக்கே வரவேணும். பக்கத்து ஊருக்குப் போக வசதியாக இந்தத் தண்டவாளங்களைப் போடேல்ல. இரண்டு ஊரையும் கொழும்போட இணைக்கத்தான் போட்டது.

மாற்றமுடியாத விஷயம் எண்டும் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதுக்கு முதல் துறையடியில் படகுப்பாதைக்குக் காத்திருந்த சனத்துக்கு, அந்தப் பாலம் கிலோமீற்றரைப் பெரிசாகக் குறைக்கேல்ல, காத்திருப்பைத்தான் இல்லாமலாக்கியது. மீன் வியாபாரி, பள்ளிக்கூடப் பிள்ளை, வைத்தியசாலைக்குப் போற நோயாளி எண்டு எல்லாருக்கும் அது ஒரே அளவில் குறைந்தது. எங்களைக் கேட்டால், ஒரு போக்குவரத்துத் திட்டத்தை இதை வைச்சுத்தான் அளக்கவேணும்.

ஆகவே இரண்டு நகரங்களுக்கு இடையில் "விமான நேரம் இவ்வளவு" எண்டு யாரும் பெருமையாகச் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கோ. வீட்டுவாசலில் இருந்து எத்தனை மணித்தியாலம்? எவ்வளவு காசு? வெருகலில் இருந்து வாற ஒருத்தர் அலுவல் முடிச்சுத் திரும்ப, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?