நம்பிக்கையைத் தண்டிக்க முடியாது: மதமாற்றத் தடைச் சட்டங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மதம் மாறியதற்காகவோ, மாற மறுத்ததற்காகவோ, எந்த மதமும் வேண்டாம் என்று சொன்னதற்காகவோ யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ‘நம்பிக்கை அவரவர் தேர்வுதானே, தவறாகத் தேர்ந்தெடுத்தவர் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும்’ என்பது தண்டனையை ஆதரிப்போரின் வாதம். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையின் ஐந்நூறு ஆண்டு வரலாறு இந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

1535க்கும் 1537க்கும் இடையில் இந்தக் கரையோரத்துக் கடலோடிச் சமூகமான பரதவரில் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிக்கும் உரிமையை ஒட்டி எழுந்த சண்டையில் உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்தபோது, ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பும் ஞானஸ்நானமும் சேர்ந்தே வந்தன. இதை மறைக்க வேண்டியதில்லை. 1542இல் கத்தோலிக்க மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, கிறிஸ்தவப் பெயர் தாங்கியிருந்த மக்களுக்குச் செபங்கள்கூடத் தெரிந்திருக்கவில்லை. தமிழில் அவற்றை மனப்பாடம் செய்விப்பதிலிருந்துதான் அவர் தொடங்க வேண்டியிருந்தது. அன்று தேர்வு என்று ஒன்று நடந்தது உண்மை. ஆனால் அது ஒரு சடங்குக்கு இசைவதா வேண்டாமா என்ற தேர்வு. அதையும் பெரும்பாலோருக்காகத் தலைவர்களே செய்தார்கள். நம்பிக்கை பிறகு வந்தது. பிள்ளைக்குப் பெயரிட்டு, இறந்தவரை அடக்கம் செய்து, கடலுக்குப் போகுமுன் மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தது அது. எந்த நாளில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது.

அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது 1658இல் தெரிந்தது. தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கத்தோலிக்கக் குருக்களை விரட்டியது. பரதவரைத் தன் சீர்திருத்தச் சபைக்குள் இழுக்கப் பார்த்தது. பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற போதகர் நேரில் வந்து முயன்றும் மக்கள் இசையவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பாதுகாப்புக்காக மதம் மாறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இப்போதும் அதிகாரத்தின் பக்கம் சாய்வதுதான் லாபம் என்ற நிலை இருந்தும் அவர்கள் சாயவில்லை. டச்சு ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1713இல், தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் எழுந்தது. கம்பெனியின் மனம் இளகியதைவிட, முத்துக்குளிக்கும் ஆட்களை இழக்க அது தயாராக இல்லை என்பதே இதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

அக்கரையில் கம்பெனிக்கு அந்தத் தயக்கம் இல்லை. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே இலங்கையில் அறிவித்தது. கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறியபோது, குருவின் அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலியாள் கோலத்தில் போக நேர்ந்தது அதனால்தான். யாழ்ப்பாணத்தில் சைவர்களின் நிலையும் இதேதான். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலை வெளியே கிடந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டதால் பல்லாயிரம் பேர் டச்சுச் சபையின் பதிவேட்டில் ஏறினார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்து, அந்த நிர்ப்பந்தம் தளர்ந்ததும், அவர்களில் பெரும்பகுதியினர் சைவர்களாகவும் கத்தோலிக்கர்களாகவும் வெளிப்பட்டார்கள். நூற்று முப்பத்தெட்டு ஆண்டு நெருக்கடியால் கம்பெனி சம்பாதித்தது பதிவேட்டில் பெயர்களை மட்டுமே.

இதைச் சொல்லும்போது ஒரு தரப்பின் காயத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. முத்துக்குளித்துறையில் சிறுவர்கள் பெற்றோரின் வீட்டுத் தெய்வச் சிலைகளை உடைத்து மிதித்ததைச் சவேரியார் தம் கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதினார். கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்த்துக்கல் அரசரிடம் கேட்டவரும் அவரே. 1560இல் அமைந்த அந்த மன்றம், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1812 வரை மனிதர்களை அவர்களது நம்பிக்கைக்காக வதைத்தது. அந்த வதையை நாங்கள் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டோம்.

மனிதர்கள் மதம் மாறத்தானே செய்கிறார்கள், அப்படியானால் அது தேர்வில்லையா என்று கேட்கலாம். யார் பேச்சைக் கேட்பது, எதைப் படிப்பது, எந்தக் கோயிலுக்குப் போவது என்பவை நம் கையில் உள்ளவை. கேட்டபின் மனம் ஒப்புகிறதா என்பது அப்படி இல்லை. நாளை காலைக்குள் வேறு கடவுளை மெய்யாகவே நம்பு என்று ஆணையிட்டால் யாராலும் கீழ்ப்படிய முடியாது. நம்புவதுபோல் நடிக்க முடியும். செய்ய இயலாததைச் செய்யவில்லை என்று ஒருவரைத் தண்டிப்பது எந்த நீதி? அதோடு, தேர்வு என்றே ஒப்புக்கொண்டாலும் தண்டனைக்கு நியாயம் பிறந்துவிடாது. நாம் தேர்ந்தெடுக்கும் எத்தனையோ விஷயங்கள் பிறருக்குத் தீங்கு செய்வதில்லை. அவற்றுக்குச் சட்டம் தண்டனை வைப்பதும் இல்லை. நம்பிக்கையின் பெயரால் ஒருவர் அடுத்தவரை அடித்தால், அந்த அடிக்குத் தண்டனை கொடுக்கலாம்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று: மதமாற்றத் தடைச் சட்டங்கள் நம்பிக்கையைத் தொடவில்லை, கட்டாயத்தையும் ஆசைகாட்டுதலையும்தான் தடுக்கின்றன என்பது. கட்டாயத்தை நாங்களும் எதிர்க்கிறோம். மிரட்டலும் மோசடியும் ஏற்கெனவே குற்றங்கள். ஆனால் தமிழ்நாட்டின் 2002ஆம் ஆண்டுக் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், தெய்வக் கோபம் வரும் என்று சொல்வதைக்கூடக் கட்டாயத்தில் சேர்த்தது; நரகத்தைப் பற்றிய சாதாரணப் பிரசங்கமே அதில் மாட்டிக்கொள்ளும். மாறியவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்தால் மாற்றியவருக்குத் தண்டனை கூடுதல். அவர்களுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்பதே அதன் உட்பொருள். 2004இல் அச்சட்டம் விலக்கப்பட்டது நல்லதே. உத்தரப் பிரதேசத்தில் இப்போது நடப்பில் உள்ள சட்டத்தின்படி, மாற விரும்புபவர் மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மதமாற்றம் முறையானதே என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. 2024 திருத்தத்துக்குப் பின் தண்டனை ஆயுள் சிறை வரை போகிறது. ஒருவரின் மனமாற்றம் உண்மையா என்று எந்த அதிகாரி எதைக் கொண்டு அளப்பார்? மனச்சான்றின் சுதந்திரத்தை அளிக்கும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அந்த வேலையை எந்த அதிகாரிக்கும் ஒப்படைக்கவில்லை.

சிறை இல்லாத தண்டனையும் உண்டு. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ ஆனால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தத் தகுதியை இழக்கிறார். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒருவருக்கு, அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த சூசை வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு உதவவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த சுவரை நினைக்கட்டும். அது 1910இல்தான் இடிக்கப்பட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பெயரிலும் தமிழ்நாட்டுக்குத் திரும்ப வரக் கூடாது. 1950 ஆணையின் மத நிபந்தனையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். இக்கரையின் ஊர்க் கமிட்டிகள், ஜமாஅத்துகள், பங்குப் பேரவைகள் ஆகியவற்றிடமும் ஒன்று கேட்கிறோம்: மதத்தை விட்டுப் போனவர் வீட்டுச் சாவுக்கு இடுகாட்டை மறுக்காதீர்கள், அவரை ஊர்விலக்கு வைக்காதீர்கள், அவருடைய வலையையும் தோணியையும் கரையில் நிறுத்தாதீர்கள்.